மீண்ட குடும்பம்

மின்விசிறியை நிறுத்தினாள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் இருந்த வாளிக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் உட்காரும் அளவுக்கு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். போர்வைக்குள் ஹெட்போன், மடியில் ஆபீஸ் கொடுத்த டேப்லெட். பேச்சுப் பதிவை யாராவது கேட்டு, பின்னால் வேறு சத்தம் இருந்தால் படிவம் செல்லாது. செல்லாத படிவத்துக்குக் கூலி கிடையாது. அதனால் காலை பத்து மணி ஆனதும் அந்த ஒற்றை அறை வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூச்சைப் பிடிக்க முடியாத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தெருவுக்கே வேன்காரர். நோய் வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது இருமலும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் ஹெட்போனைக் கையில் எடுத்தால் அவர் சட்டையைக் கையில் எடுப்பார். மாடிப்படியில் மூன்றாவது படி அவருடைய இடம். அங்கே உட்கார்ந்து சட்டைக் காலரை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவார். சத்தம் கதவைத் தாண்டி உள்ளே வரும். ஆனால் போர்வையைத் தாண்டாது.

டேப்லெட் தானாகவே எண்ணைத் தேடி அழைத்தது. யாரை அழைக்கிறது என்று அவளுக்குக் காட்டாது. மணி அடிக்கும்போதே அவளுடைய வலது கால் ஆட ஆரம்பித்துவிடும்.

"வணக்கம். குடும்ப வருமானக் கணக்கெடுப்புல இருந்து பேசறேன். ஆறு நிமிஷம்தான் ஆகும். நீங்க சொல்ற தகவல் வேற எதுக்கும் பயன்படுத்தப்படாது." இதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டாள். "போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிட்டா, உங்க குடும்ப வருமானம் இப்ப மேலா, அப்படியேவா, கீழா?"

அந்தப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் இதே மாசம் கடையே தெறக்கலைம்மா. பாய்லர்ல எட்டுக்கால் பூச்சி குடித்தனம் பண்ணிட்டிருந்துச்சு."

"இப்ப தெறந்திருக்கீங்களாண்ணா?"

"தெறந்து என்ன? எதிர்ல ஆபீஸ்காரங்க எல்லாம் வீட்டுலயே வேலைன்னு போயிட்டாங்க. முன்னாடி நாளைக்குப் பத்து லிட்டர் பால் ஓடும். இப்ப ரெண்டு. அதுலயும் பாதியை நானே குடிக்கறேன்."

"முன்னாடியோட இல்லைண்ணா. போன வருஷம் இதே மாசத்தோட. ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"ஒண்ணுமே இல்லாததோட ஒப்பிட்டா ரெண்டு லிட்டர் மேல்தானே. பாடையில இருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டா, உடம்பு தேவலைன்னுதான் சொல்லணும்."

"அப்போ மேல்னு போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ. ஆனா நான் சொன்ன மத்ததையும் ஒரு ஓரமா எழுதிக்கோம்மா."

அந்தப் படிவத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது. "எழுதிக்கிட்டேண்ணா" என்றாள்.

'மேல்' என்றால் அதற்குப் பிறகு மூன்றே கேள்வி. 'அப்படியே' என்றாலும் மூன்றுதான். 'கீழ்' என்று அழுத்திவிட்டால் பதினாலு கேள்விகள் பட்டியலாகத் திறந்துகொள்ளும்: யாருக்கு வேலை போனது, எப்போது போனது, எதை விற்றீர்கள், எதை அடகு வைத்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள். இதற்கெல்லாம் யாரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வதில்லை. சிலர் அழுவார்கள். ஆறு நிமிஷம் தாண்டியதும் திரையில் ஓடும் கடிகாரம் சிவப்பாகிவிடும். படிவம் 'அரைகுறை' என்று போய்விடும். 'மேல்' என்றே பதில் வாங்கு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டே வாரத்தில் அவளுடைய நாக்கு தானாக வழி கண்டுபிடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளரை அவள் பார்த்ததே இல்லை. ஹெட்போனில் ஒரு குரல், அவ்வளவுதான். வீட்டில் அவருக்கு 'ஆறு நிமிஷம்' என்று பெயர்.

படியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வேன்காரருக்குக் கேள்விகள் மொத்தமும் மனப்பாடம். சாப்பிட உட்கார்ந்தால் மகளிடம் ஆரம்பிப்பார். "போன பரீட்சையோட ஒப்பிட்டா, இந்தப் பரீட்சை மேலா, அப்படியேவா, கீழா? ஒரே வார்த்தைல."

"அப்படியே" என்பாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். "கீழ்னு சொன்னா அம்மா பதினாலு கேள்வி கேப்பாங்க."

பள்ளிக்கூடம் ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்து, இப்போதுதான் திறந்து பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். வேன்காரருக்கு மாதச் சம்பளம் போய், ஓட்டுகிற நடைக்கு இவ்வளவு என்று ஆகியிருந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. பள்ளிக்கூட வாசலில் தினமும் காய்ச்சல் பார்ப்பார்கள். இருமுகிறாரா என்றும் பார்ப்பார்கள். "ஒரு தடவை இருமினாலும் பெத்தவங்க வந்து கதவை உடைச்சிருவாங்க. பாத்துக்கோங்க" என்று வண்டிகளுக்குப் பொறுப்பானவர் சொல்லியிருந்தார். வேன்காரர் பார்த்துக்கொண்டார். நடைக்கு முன்னால் இன்ஹேலரை இரண்டு இழுப்பு. ஒன்றரை மணி நேரத்துக்கு இருமல் வராது. அவருடைய நடை ஒன்றேகால் மணி நேரம். மிச்சமிருக்கும் கால் மணி நேரத்தில்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு இருந்தது.

இன்ஹேலரின் முதுகில் குண்டூசித் தலை அளவு எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்று குறையும். சனிக்கிழமை காலையில் அது ஏழு காட்டியது. சனி, ஞாயிறு பள்ளி இல்லை; திங்கள் முதல் காலை நடைக்கு இரண்டு, சாயங்கால நடைக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை காலை வரை வண்டி ஓடும், அதற்குமேல் ஓடாது. புது இன்ஹேலர் அரசு மருந்தகத்தில், வருமானம் இழந்த குடும்பங்களுக்குத் தந்த நிவாரண அட்டையைக் காட்டினால் சும்மா கிடைக்கும். கடையில் வாங்கினால் முப்பத்தெட்டுப் படிவம். அவர்கள் வீட்டில் எல்லா விலையையும் இப்போது படிவத்தில்தான் சொல்லிக்கொண்டார்கள்.

இருவரும் போனபோது மருந்தக வரிசை வாசல்வரை வந்திருந்தது. தள்ளி நிற்பதற்காகத் தரையில் வரைந்திருந்த வெள்ளை வட்டங்கள் பாதி அழிந்துவிட்டன. யாரும் அவற்றைப் பார்த்து நிற்கவில்லை. சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி போய்க்கொண்டிருந்தது: பொருளாதாரம் மீண்டது. பத்தில் ஒன்பது குடும்பங்களின் வருமானம் உயர்வு.

"அந்தப் பத்தாவது குடும்பம் பூரா இந்த வரிசையிலதான் நிக்குது போல" என்றார் முன்னால் நின்றவர். நகக்கண்ணெல்லாம் பச்சைப் பெயிண்ட். நாலைந்து பேர் சிரித்தார்கள். வேன்காரரும் சிரித்து, சிரிப்பு இருமலாகத் திரும்பி, முகக்கவசத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். மிச்சமிருப்பதை வேலை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து அவர் ஒரு இழுப்புகூட இழுக்கவில்லை.

வரிசை வேகமாக நகர்ந்தது. மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களைவிட வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அதிகம் என்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். பெயிண்டரும் ஜன்னலில் போய்க் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு அட்டையோடு நகர்ந்து நின்றார்.

"நான் மீண்டுட்டேனாம்" என்றார் எல்லாருக்கும் பொதுவாக. "எங்கேர்ந்து மீண்டேன், எங்க போய்ச் சேர்ந்தேன்னு இவங்களுக்குத்தான் வெளிச்சம்."

"உங்களுக்கு போன் வந்துச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"வந்துச்சு. தங்கமான பொண்ணு. அண்ணா அண்ணான்னு ஆயிரம் அண்ணா போட்டுச்சு. நான் கதையை ஆரம்பிச்சேன். 'அண்ணா, ஒரே வார்த்தைல சொல்லுங்க'ன்னுச்சு. அது கேட்ட விதத்துல எனக்கும் மனசு கேக்கலை, மேல்னு சொல்லிட்டேன்."

"எனக்கும் அப்படித்தான். என்னை அக்கான்னா."

அவள் கணவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். அறுபது பெண்கள் இந்த வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாரும்தான் அண்ணா என்கிறார்கள். பெயிண்டரிடம் பேசியது வேறு யாராகவோ இருக்கலாம். அவளாகவும் இருக்கலாம். பச்சைப் பெயிண்ட் விரல்களை அவள் பார்த்தாள். குரலைத்தான் ஞாபகப்படுத்திப் பார்க்க முடியும். ஒரு நாளைக்கு நாற்பது குரல், எதை என்று ஞாபகம் வைப்பது?

வேன்காரர் அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினார். உள்ளே இருந்தவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"இது ஓடாதுங்க. மீண்ட குடும்பம்னு வருது."

"சார், எனக்கு நுரையீரல்ல..."

"உடம்பைப் பத்தி இல்லைங்க, வருமானத்தைப் பத்தி. பதினோராம் தேதி உங்க நம்பர்ல பேசியிருக்காங்க. மேல்னு சொல்லியிருக்கீங்க. அதோட அட்டை முடிஞ்சுது."

அவள் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்தார்.

"நீ பேசேன்" என்றார் மெதுவாக. "நாள் பூரா பேசற ஆள் நீதானே. எடுத்துச் சொல்லேன்."

பெயிண்டர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தை அவருக்குத் தெரியாது, குரல் தெரிந்திருக்கலாம். வாயைத் திறந்து 'அண்ணா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் பார்த்துவிடுவார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு, கணவரின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் முகக்கவசத்தை இறக்கினாள்.

"யாருங்க போன் பண்ணினது?"

"உன்னை மாதிரி ஒரு பொண்ணு. காலை நடை முடிச்சு வேனை நிறுத்தியிருந்தேன், அப்பதான் வந்துச்சு."

"மேல்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"மேல்! எது மேல்? வேன் நின்னப்பவும் பாதிச் சம்பளம் குடுத்திட்டுத்தானே இருந்தாங்க போன வருஷம்? இப்ப அதுகூட வர்றதில்லையே. ஒப்பிட்டா கீழ்தானே வருது? கேள்வி உங்களுக்குத் தலைகீழா தெரியும். தெரிஞ்சே எப்படிங்க சொன்னீங்க?"

அவர் சைக்கிள் சீட் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அது பேசிட்டிருக்கும்போதே பின்னாடி ஒருத்தன் இருமினான்மா."

"யாரு?"

"அந்தப் பொண்ணு வீட்டுல. வாயைத் துணியால பொத்திக்கிட்டு இருமுற இருமல். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எவனோ ஒருத்தன் அங்கயும் படிக்கட்டுல உக்காந்திருக்கான்னு நினைச்சேன். கீழ்னு சொன்னா பதினாலு கேள்வி. அதுவும் நான் இருமி இருமிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சிவப்பு எரிஞ்சிடும். அந்தப் பொண்ணு கூலி போயிடும். அதான் மேல், இல்லை, இல்லை, சரின்னு மடமடன்னு சொல்லிட்டேன். ரெண்டே நிமிஷம். 'ரொம்ப நன்றிண்ணா'ன்னா. அழுதுடுவா போல இருந்துச்சு."

அவளுக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

"அட்டை போயிடும்னு தோணலையா?"

"எப்படித் தோணும்?" என்றார். "வேற எதுக்கும் பயன்படுத்தமாட்டோம்னு தினமும் நீதானே சொல்றே? கதவுக்கு வெளியே உக்காந்து ரெண்டு மாசமா கேட்டிருக்கேனே."

அவள் முகக்கவசத்தை மறுபடியும் மேலே இழுத்துக்கொண்டாள். பெயிண்டர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனார். "வர்றேன் சார்" என்று வேன்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"சார், வேற எதுக்கும் பயன்படாதுன்னு ஒரு வரி வாசிக்கறோம்ல? அதை வெச்சு அட்டையை நிறுத்தறாங்க சார்."

"அது வேற டிபார்ட்மென்ட்மா. எழுதிக் குடுத்ததை வாசிக்கறதுதான் நம்ம வேலை."

"எங்க வீட்டுக்காரர் தப்பா சொல்லிட்டாரு சார். அதை மட்டும் மாத்த முடியுமா?"

"அடுத்த சுற்று மூணு மாசம் கழிச்சு. அப்ப போன் வந்தா சரியா சொல்லச் சொல்லுங்க."

"வரலைன்னா?"

"இந்தச் சுற்று இன்னிக்கு மூணு மணியோட முடியுது. உங்க கணக்குல இன்னும் எட்டு பாக்கி நிக்குது. எட்டும் முடிச்சாத்தான் இந்த வாரக் கூலி கைக்கு வரும். ஒண்ணு குறைஞ்சாலும் வராது, தெரியும்ல?" என்றது குரல்.

தெரியும். இந்த வாரக் கூலி வந்தால்தான் ஒரு இன்ஹேலர் வாங்க முடியும். அந்த வேலையை அப்படியே தூக்கிப் போட்டுவிடத்தான் அவளுக்கு ஆசை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் வந்தாள். பீரோவின் மேல் இருந்த இன்ஹேலரை எடுத்துப் பின்னால் பார்த்தாள். ஏழுதான். அது எப்படி மாறும்?

வேன்காரர் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு படிக்குப் போனார். மின்விசிறி நின்றது. வாளிக்குள் துண்டு விழுந்தது. வெயில் ஏறிய அறையில் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஏழு முடிந்திருந்தது. ஆறு மேல், ஒரு அப்படியே. ஒவ்வொரு தடவையும் அந்த வரி வரும்போது வேகத்தைக் கூட்டி, வார்த்தைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, கேட்பவருக்குப் புரியாதபடி சொல்லிப் பார்த்தாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எட்டாவதை எடுத்தது ஒரு வயதான பெண் குரல். வீட்டு வேலை செய்கிறவராம்.

"நீங்க சொல்ற தகவல்..." என்று ஆரம்பித்தாள். மீதி வரவில்லை.

"ஹலோ? இருக்கியா கண்ணு?"

"இருக்கேம்மா. போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிட்டா..."

"போன வருஷம் இதே மாசம் நான் போகலைன்னாலும் ரெண்டு வீட்டுல சம்பளம் குடுத்தாங்க. பாவம், நல்ல மனுஷங்க. இப்ப அவங்களே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்து..."

படியில் வேன்காரர் இருமினார். காலையிலிருந்து இழுப்பு இல்லாத இருமல். காலர், கதவு, போர்வை எல்லாவற்றையும் தாண்டி வந்தது. மறுபடியும் வந்தது.

"யாரு கண்ணு அது? உங்க வீட்டுலயா?"

"இல்லைம்மா, நீங்க சொல்லுங்க. நேரம் இருக்கு."

"எங்க இருக்கு? எனக்குத் தெரியும். கீழ்னு சொன்னா ஒரு மூட்டை கேள்வி வெச்சிருப்பீங்க. போன தடவை பாதியிலயே கட்டாகிப்போச்சு; அந்தப் பொண்ணு பாவம், கெஞ்சினா. நீ மேல்னே போட்டுக்கோ."

"அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. உங்ககிட்ட நிவாரண அட்டை இருக்கா?"

அது படிவத்தில் இல்லாத கேள்வி. பேச்செல்லாம் பதிவாகிறது, யாராவது கேட்டால் வேலை போகும். கேட்டுவிட்டாள்.

"இருக்கே. அந்த அட்டை இருக்கறதாலதான் அடுப்பு எரியுது. அதனாலதான் தைரியமா மேல்ங்கறேன். மத்ததுக்கெல்லாம் இல்லை இல்லைன்னு போட்டுக்கோ. நீ போய் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் வெந்நீர் வெச்சுக் குடு, என்ன?"

"அம்மா, வெச்சுடாதீங்க..."

வைத்துவிட்டார். திரையில் எண் இல்லை. கடிகாரம் இரண்டு நிமிஷம் ஐம்பது நொடியில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் 'கீழ்' என்பதை அழுத்தினாள். பதினாலு கேள்விகள் வரிசையாகத் திறந்துகொண்டன. யாருக்கு வேலை போனது? எதை விற்றீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை வேளை? கேட்பதற்கு மறுமுனையில் ஆள் இல்லை. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக வழியில்லை. நான்கு நிமிஷம். ஐந்து. அவளுடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் நாற்பது நொடியில் முந்தைய கேள்விக்குத் திரும்பி வந்து 'மேல்' என்பதை அழுத்தினாள். இல்லை. இல்லை. இல்லை.

'படிவம் முழுமை. நன்றி' என்று பச்சை எழுத்தில் வந்தது. அவள் ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். சுற்று முடிய இன்னும் நான்கு நிமிஷம் இருந்ததால் டேப்லெட் தானாகவே அடுத்த குடும்பத்துக்குச் சத்தமாக மணி அடிக்கத் தொடங்கியது.

கதவுக்கு வெளியே இருமல் சட்டென்று நின்றது. மணிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.